தூசி சொல்லும் சேதி

வானத்துச் சாலைகள் – 14

ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். வெளிச்சத்துக்காகக் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருப்பார்கள். காலை பத்து மணி வாக்கில் அதன் வழியே ஒரு வெயில் கற்றை கூடத்தில் சாய்ந்து விழும். கற்றை விழாத இடமெல்லாம் வெறும் காற்று. விழுந்த இடத்தில் மட்டும் எண்ண முடியாத அளவு தூசி மிதந்துகொண்டிருக்கும். யாராவது பின்கட்டுக் கதவைத் திறந்தால் போதும், அத்தனை தூசியும் ஒரே பக்கமாகச் சாயும். மூடினால் சுழன்று தயங்கி நிற்கும். பள்ளிக்குப் போகாத நாட்களில் நான் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த படம் அது. காற்றைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போது தெரியாது.

ஹாங்காங் விமான நிலையத்தில் 2002-லிருந்து இதே வேலையை ஒரு லேசர் செய்துவருகிறது. வெயில் கற்றையின் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கற்றை. கூடத்தின் இடத்தில் பத்துக் கிலோமீட்டர் வானம்.

போன வாரம் மூடுபனியில் இறங்கும் விமானத்தைப் பற்றிப் பார்த்தோம். விமானிக்கு எதுவும் தெரியாது, கருவிகளுக்கு எல்லாம் தெரியும். இந்த வாரம் நிலைமை தலைகீழ். வானம் பளிச்சென்று இருக்கிறது, மலை தெரிகிறது, கடல் தெரிகிறது, ஓடுபாதை கோடு போட்டாற்போலத் தெரிகிறது. விமானத்தைப் புரட்டப்போகும் அந்த ஒன்று மட்டும் தெரியவில்லை.

அதற்கு விமானிகள் சொல்லும் பெயர் விண்ட்ஷியர். தமிழில் ‘காற்று வெட்டு’ என்று சிலர் எழுதுகிறார்கள். விமானி அறையில் புழங்கும் சொல்லையே நானும் வைத்துக்கொள்கிறேன். காற்று பலமாக வீசுவதற்குப் பெயர் விண்ட்ஷியர் அல்ல. பலமான காற்று ஒரே சீராக வீசினால் விமானத்துக்கு அதனால் பெரிய தொந்தரவில்லை, எதிர்காற்றாக இருந்தால் உபகாரம்கூட. கொஞ்ச தூரத்துக்குள் காற்று வேகத்தையோ திசையையோ மாற்றிக்கொள்வதுதான் விண்ட்ஷியர். நம் கடற்கரைக்காரர்களிடம் வாடை, கொண்டல், கச்சான், தென்றல் என்று திசைக்கொரு பெயர் இருக்கிறது. ஒரு காற்று முடிந்து இன்னொன்று தொடங்கும் அந்த இடத்துக்குப் பெயர் இருக்கிறதா என்று விசாரித்துப் பார்த்தேன். எனக்குக் கிடைக்கவில்லை. உங்கள் ஊரில் இருந்தால் எழுதுங்கள்.

ஏன் ஆபத்து? விமானம் தன்னைக் கடந்துபோகும் காற்றின் மேல் நிற்கிறது. தரையைப் பொறுத்து எவ்வளவு வேகம் என்பது அதன் இறக்கைக்குத் தெரியாது. இறங்கும் விமானம் ஒன்று 140 நாட் காற்றுவேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம், மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டர். அதில் 20 நாட் எதிர்காற்றின் தயவு. சில நொடிகளில் அந்த எதிர்காற்று நின்றுவிட்டால்? இருநூறு டன் இரும்பும் அலுமினியமும் நினைத்த மாத்திரத்தில் வேகம் பிடிக்காது. இறக்கை உணரும் வேகம் 120 நாட்டாக விழுகிறது. தூக்கும் விசையோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கணக்குப் போட்டால் கால்பங்குக்கு மேல் போய்விடுகிறது. இருநூறு டன் விமானத்தின் அடியிலிருந்து ஐம்பது டன் தாங்கலை உருவியதுபோல. இயந்திரத்தை முடுக்கலாம், முடுக்குவார்கள். ஆனால் அது முழு மூச்சு எடுக்கச் சில நொடிகள் ஆகும். விமானம் தரையிலிருந்து முந்நூறு மீட்டருக்குள் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓடுபாதையை நெருங்கும் வழியில் எதிர்காற்று 15 நாட்டோ அதற்கு மேலோ மாறினால் எச்சரிக்க வேண்டும் என்பது விமான வானிலைக்காரர்கள் வைத்திருக்கும் கோடு.

இந்தக் கோட்டைப் போடுவதற்கு நிறைய உயிர்கள் செலவாகியிருக்கின்றன. 1975 ஜூன் 24 மாலை, நியூயார்க் கென்னடி விமான நிலையம். இடிமழை. முன்னால் இறங்கிய ஒரு சரக்கு விமானத்தின் விமானி, இறங்கும் வழியில் காற்று மோசமாக இருக்கிறது, ஓடுபாதையை மாற்றுங்கள் என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னார். அடுத்து வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் இறங்க முடியாமல் மேலேறிப் போய்விட்டது. ஓடுபாதை மாறவில்லை. சில நிமிடங்கள் கழித்து அதே நிறுவனத்தின் 66-ஆம் எண் விமானம், ஒரு போயிங் 727, ஓடுபாதைக்கு முன்னாலுள்ள வழிகாட்டும் விளக்குக் கம்பங்களில் மோதி நொறுங்கியது. 113 பேர் இறந்தார்கள்.

இந்த விபத்தை ஆராய வந்தவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் டெட்சுயா ஃபுஜிட்டா. சூறாவளிச் சுழல்களுக்கு இன்றும் தரம் பிரிக்கப் பயன்படும் அளவுகோலுக்குப் பெயர் தந்தவர். அவருடைய பின்கதையைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. 1945 ஆகஸ்டில் அவர் ஜப்பானின் கொக்குரா நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் ஆசிரியர். ஆகஸ்ட் 9 அன்று இரண்டாவது அணுகுண்டைச் சுமந்துவந்த விமானத்துக்குக் குறித்துக் கொடுத்திருந்த முதல் இலக்கு கொக்குராதான். நகரம் மேகத்திலும் புகையிலும் மறைந்திருந்ததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. வாரங்கள் கழித்து ஃபுஜிட்டா நாகசாகிக்கும் ஹிரோஷிமாவுக்கும் போய் அழிவைப் பதிவு செய்தார். குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழே மரங்கள் கருகியும் நின்றுகொண்டிருந்தன, சுற்றிலும் இருந்தவை வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. மேலிருந்து நேராக இறங்கிய ஒன்று தரையில் மோதி எல்லாத் திசையிலும் தெறித்த தடம்.

முப்பது வருடம் கழித்து, 1974-ல், அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாக் காட்டின் மேல் சிறு விமானத்தில் பறந்தபோது அதே தடத்தை மறுபடி பார்த்தார். புயலில் விழுந்த மரங்கள் நட்சத்திரம்போல வெளிநோக்கிக் கிடந்தன. சுழல்காற்று என்றால் மரங்கள் சுற்றிச் சுற்றி விழுந்திருக்க வேண்டும். அடுத்த வருடம் கென்னடி விபத்தின் காகிதங்கள் அவர் மேசைக்கு வந்தபோது அவருக்கு விடை ஏற்கெனவே பாதி தெரியும். மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று தூண்போல இறங்கித் தரையில் மோதி விரிகிறது. இதில் சிறியவகைக்கு அவர் வைத்த பெயர் மைக்ரோபர்ஸ்ட்.

அதன் நடுவே புகும் விமானத்துக்கு நேர்வது வஞ்சகமானது. முதலில் எதிர்காற்று கூடும். விமானம் தானாக மேலே எழும்பும், வேகமானி ஏறும். இறங்கும் வழியை விட்டு உயர்கிறோமே என்று விமானி முடுக்கைக் குறைப்பார். அந்த நேரம் பார்த்து மேலிருந்து அமுக்கும் காற்று, அடுத்த நொடிகளில் பின்காற்று. தூக்கிவைத்துப் பாராட்டிவிட்டுக் காலை வாருவது.

சக விஞ்ஞானிகள் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. மேகத்திலிருந்து இறங்கும் காற்று தரைக்கு வருமுன் வலு இழந்துவிடும் என்றார்கள். 1978-ல் சிகாகோ பக்கத்தில் டாப்ளர் ரேடார்களை நிறுத்திவைத்து ஃபுஜிட்டா பிடித்துக் காட்டினார். 1982-ல் டென்வரில் இன்னும் பெரிய ஆய்வு. 1983 ஆகஸ்ட் 1 அன்று வாஷிங்டன் அருகே ஆண்ட்ரூஸ் விமானத்தளத்தில் அதிபர் ரீகன் வந்த விமானம் காய்ந்த ஓடுபாதையில் இறங்கியது. பத்து நிமிடத்துக்குள் அதே இடத்தில் மைக்ரோபர்ஸ்ட் ஒன்று மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தது. அதிபருக்கு வாய்த்த பத்து நிமிடம் 1985 ஆகஸ்டில் டல்லஸில் டெல்டா விமானத்துக்கு வாய்க்கவில்லை. 137 பேர். அதற்குப் பிறகுதான் அமெரிக்கா விழித்தது. விமானத்துக்குள் விண்ட்ஷியர் எச்சரிக்கைக் கருவி கட்டாயமானது, நாற்பதுக்கும் மேற்பட்ட விமான நிலையங்களுக்குப் பக்கத்தில் இதற்கென்றே டாப்ளர் ரேடார்கள் எழுந்தன.

ரேடாருக்கு மழை வேண்டும். அது அனுப்பும் அலையின் நீளம் ஐந்து சென்டிமீட்டர் அளவில் இருக்கும். அந்த அலை மழைத்துளியில் பட்டுத் திரும்பும், துளி எந்த வேகத்தில் ஓடுகிறது என்று சொல்லும். துளி இல்லையென்றால் திரும்பி வர ஒன்றுமில்லை. கடல் அலையைக் கவனியுங்கள். பாறையில் மோதினால் திரும்பி வரும். நட்டுவைத்த மூங்கில் கழியைக் கண்டுகொள்ளாமல் இரண்டு பக்கமும் வழிந்து போய்விடும். காற்றில் மிதக்கும் நுண்தூசி, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ரேடார் அலைக்குக் கழிகூட இல்லை. இடிமழையில் வரும் விண்ட்ஷியரை ரேடார் காட்டிக் கொடுக்கும். வெயிலில் வருவதை?

வெயிலில் எங்கிருந்து வருகிறது என்பதற்குத்தான் ஹாங்காங்.

1998 ஜூலை 6 அன்று ஹாங்காங்கின் புதிய விமான நிலையம் செக் லாப் கோக்கில் திறந்தது. பழைய காய் டாக் நகரத்துக்குள் இருந்தது. அங்கே இறங்குவதற்கு விமானம் கடைசி நேரத்தில் கட்டடங்களின் தலைக்கு மேல் வலதுபக்கம் ஒடித்துத் திரும்ப வேண்டும், அடுக்குமாடிகளில் துணி காய்வது பயணிகளுக்குத் தெரியும் என்பார்கள். அந்தத் தொல்லை வேண்டாம் என்று ஒரு தீவைச் சமமாக வெட்டி, பக்கத்துச் சிறுதீவையும் சேர்த்து, கடலை மண்ணடித்து நிலமாக்கினார்கள். நிலையத்தின் முக்கால் பாகம் கடலிலிருந்து எடுத்தது. நகரம் விலகிவிட்டது. ஆனால் தெற்கே சில கிலோமீட்டரில் லாண்டாவ் தீவின் மலைகள் சுவர்போல நிற்கின்றன. அதன் உச்சி 934 மீட்டர், அடுத்த சிகரம் 869. ஓடுபாதைக்கு மூன்று கடல் மைல் தொலைவில் இறங்கும் விமானம் முந்நூறு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் இருக்கும். அதாவது மலையின் இடுப்புக்கும் கீழே.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்றவர்களுக்கு மீதியை விளக்க வேண்டியதில்லை. மலைத்தொடரில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே காற்று நெரிந்து பாய்கிறது, நூறு அடி தள்ளி மலைமறைவில் போய் நின்றால் சத்தமே இல்லை. நாம் அதில் காற்றாலை நட்டோம். லாண்டாவிலும் அதே சங்கதி. வசந்த காலத்தில் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் காற்று வரும்போது, மேலே சூடான காற்றும் கீழே குளிர்ந்த காற்றுமாக மூடி போட்டதுபோல வளிமண்டலம் அடங்கிக் கிடக்கும். அடியிலுள்ள காற்றால் மலையைத் தாண்டி ஏற முடியாது. சிகரங்களுக்கு இடையிலுள்ள கணவாய்கள் வழியே பீறிட்டு விமான நிலையத்தின் மேல் கீற்றுக் கீற்றாக விரியும். ஒரு கீற்று வேகம், அடுத்தது மலைமறைவின் மந்தம், மறுபடி வேகம். சில சமயம் மலையின் முதுகில் சுழிகள் கிளம்பிக் கழன்று மிதந்து வரும், அதற்குள் காற்று எதிர்த்திசையில்கூட வீசும். இவற்றை ஒவ்வொன்றாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு விமானம் நொடிக்கு எழுபது மீட்டர் வேகத்தில் வருகிறது. தரையில் நிற்பவனுக்கு அருமையான வெயில் நாள்.

இதோடு கடற்காற்றும் உண்டு. பொதுவான காற்று கிழக்கிலிருந்து வீசிக்கொண்டிருக்க, வெயில் ஏறியதும் மேற்கிலிருந்து கடற்காற்று உள்ளே வரும். இரண்டும் ஓடுபாதையின் மேலேயே முட்டிக்கொண்டு நிற்கும் நாட்கள் இருக்கின்றன. ஒரே ஓடுபாதையின் இரண்டு முனைக் காற்றுமானிகளும் எதிரெதிர்த் திசையைக் காட்டும்.

நிலையம் திறந்த நாளிலிருந்து அங்கே வந்துபோன விமானங்களில் ஏறக்குறைய 500-க்கு ஒன்று குறிப்பிடத்தக்க விண்ட்ஷியரைச் சந்தித்ததாகத் தெரிவித்திருக்கிறது. பெரும்பாலானவை மழையில்லாத நேரத்தில், மலையைத் தாண்டி வரும் காற்றால். திறந்த மறு ஆண்டிலேயே, 1999 ஆகஸ்ட் 22-ல், சைனா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று புயலில் இறங்கும்போது தலைகீழாகப் புரண்டு தீப்பிடித்தது. 315 பேரில் மூவர் இறந்தார்கள். அது புயல்மழை நாள், அதற்குப் பல காரணங்கள், இந்தக் கதைக்குள் அதை இழுக்கவில்லை. ஹாங்காங் வானிலை ஆய்வகத்திடம் மழைநாளுக்கு ரேடார் ஏற்கெனவே இருந்தது, நிலையத்துக்கு வடகிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டரில் டாய் லாம் சுங்கில். வெயில் நாளுக்குத்தான் கண் இல்லை.

2002-ல் அவர்கள் விமானக் கட்டுப்பாட்டுக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஒரு லைடாரை, அதாவது லேசர் ஒளியால் பார்க்கும் கருவியை, ஏற்றினார்கள். செய்தது அமெரிக்காவின் கொலராடோவிலுள்ள ஒரு நிறுவனம். விமான நிலைய வானிலை எச்சரிக்கைக்காக உலகில் நிறுவப்பட்ட முதல் லைடார் அது.

அது வேலை செய்யும் விதம், கண்ணாடி ஓடும் டாப்ளரும் சேர்ந்தது. இரண்டு மைக்ரான் அலைநீளமுள்ள லேசர்த் துடிப்பை வானத்தில் அனுப்புகிறார்கள். அந்த நீளம் தூசியின் அளவுக்கே பக்கத்தில் இருப்பதால் தூசிக்கு இப்போது பாறை அந்தஸ்து. கடல் உப்பு, புகைக்கரி, மண் துகள், எல்லாம் ஒளியில் துளித்துளியைத் திருப்பி அனுப்புகின்றன. பத்துக் கிலோமீட்டர் போய்த் திரும்ப ஒளிக்கு நொடியில் பதினைந்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் ஆகிறது. எந்தக் கணத்தில் திரும்பியது என்பதை வைத்துத் தூரத்தை நூறு மீட்டர் நூறு மீட்டராகக் கூறு போடலாம். கண்ணுக்குக் கெடுதல் இல்லையா என்றால், இந்த அலைநீளத்தைக் கண்ணின் முன்பகுதியிலுள்ள நீரே உறிஞ்சிவிடும், விழித்திரை வரை போகாது. விமானிகளின் முகத்துக்கு நேரே அடிக்கப்போகும் கற்றைக்கு அது சாதாரணத் தகுதியல்ல.

தூசி நம்மை நோக்கி வந்தால் திரும்பும் ஒளியின் அதிர்வெண் கொஞ்சம் ஏறும், விலகிப் போனால் இறங்கும். ரயில் ஊதிக்கொண்டே வரும்போதும் கடந்தபின்னும் ஒலி மாறுவதுபோல. சிக்கல் என்னவென்றால் அந்தக் ‘கொஞ்சம்’. காற்று நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் அசைந்தால் அதிர்வெண் பதினைந்து கோடியில் ஒரு பங்குதான் மாறுகிறது. எந்த அளவுகோலை வைத்து இதை அளப்பது?

தம்புரா சுருதி சேர்ப்பவர்களுக்கு வழி தெரியும். நடுவிலுள்ள இரண்டு சாரணித் தந்திகளும் ஒரே ஸ்தாயியில் ஷட்ஜமம் சொல்ல வேண்டும். ஒன்று மயிரிழை விலகியிருந்தால் இரண்டையும் சேர்த்து மீட்டும்போது ‘வவ்... வவ்...’ என்று ஓர் அலைவு கேட்கும். விலகல் எவ்வளவோ அவ்வளவு வேகமான அலைவு. தந்தியின் அதிர்வெண் என்னவென்று வித்வானுக்குத் தெரிய வேண்டாம், அலைவை எண்ணினால் வித்தியாசம் கிடைத்துவிடும். லைடாரும் இதைத்தான் செய்கிறது. திரும்பிவந்த மங்கிய ஒளியைத் தன்னிடம் வைத்திருக்கும் சுத்தமான லேசரோடு கலக்கிறது. எழும் அலைவு, நொடிக்கு ஒரு மீட்டர் காற்றுக்கு நொடிக்குப் பத்து லட்சம் முறை. அதை எண்ணுவது வானொலிக் காலத்து மின்னணுவியலுக்கே எளிது. நொடிக்கு நூற்றுக்கணக்கான துடிப்புகளை அனுப்பி, வந்ததையெல்லாம் சேர்த்துச் சராசரி பார்த்தால் காற்றின் வேகம் வந்துவிடுகிறது.

இதுவரை சொன்னது காசு கொடுத்தால் கிடைக்கும். இனிமேல் சொல்லப்போவது ஹாங்காங்காரர்கள் தாங்களே யோசித்தது. என்னைக் கேட்டால் இந்தக் கதையின் சுவாரசியம் இங்கேதான் இருக்கிறது.

டாப்ளருக்கு ஒரு கண்தான். தன்னை நோக்கி வருவதும் தன்னிடமிருந்து விலகுவதும் தெரியும், குறுக்கே போவது தெரியாது. வழக்கமாக ரேடாரைச் சுழற்றுவதுபோல லைடாரையும் ஒரே சாய்வில் வைத்துச் சுற்றினார்கள். அழகான வண்ணப்படங்கள் கிடைத்தன. லாண்டாவின் கணவாய்களிலிருந்து கீற்றுகள் நீள்வதும் சுழிகள் கழன்று போவதும் முதல் தடவையாகக் கண்ணுக்குத் தெரிந்தன. பார்க்கப் பிரமாதம். ஆனால் இறங்கும் விமானம் அந்தப் படத்துக்குள் பறப்பதில்லை. அது மூன்று டிகிரிச் சரிவில் ஒரு கோட்டில் இறங்குகிறது. ஒரே சாய்வில் சுற்றும் கற்றை அந்தக் கோட்டை எங்கோ ஓர் இடத்தில் தொட்டுவிட்டுப் போய்விடும். கோட்டின் மற்ற இடங்களில் காற்று எப்படி என்பது ஊகம்.

ஆய்வகத்தின் ஷுன், சான் போன்ற விஞ்ஞானிகள் லைடாரின் தலையிலுள்ள இரண்டு கண்ணாடிகளையும், பக்கவாட்டில் திருப்புவதையும் மேலும் கீழும் ஆட்டுவதையும், ஒருசேர நகரவைத்தார்கள். கற்றை இறங்கும் வழியின் ஒரு முனையில் தொடங்கி, அந்தச் சரிவுக்கோட்டின் மேலேயே ஒவ்வொரு புள்ளியாகத் தடவிக்கொண்டு போகிறது. பூ கட்டுகிறவரின் விரல் நாரின் மேல் போவதுபோல. லைடார் ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் விமானம் பார்க்கும் திசையும் கற்றை பார்க்கும் திசையும் அநேகமாக ஒன்றாகிவிடுகின்றன. ஒற்றைக்கண் என்ற குறை அங்கே குறையாக இல்லாமல் போகிறது. விமானிக்கு வேண்டியது எதிர்காற்று ஒன்றுதானே. அப்போது இரண்டு ஓடுபாதை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை, ஏறுவதும் இறங்குவதும் என்று எட்டு வழிகள். 2006-ல் இரண்டாவது லைடார் வந்து ஓடுபாதைக்கு ஒன்று என்றானது. பயன்பாட்டில் இருக்கும் வழிகளை ஓரிரு நிமிடத்துக்கு ஒரு தடவை தடவிப் பார்க்க முடிந்தது. பின்னாளில் ஷுன் அந்த ஆய்வகத்துக்கே இயக்குநரானார்.

கற்றை கொண்டுவருவது ஒரு வளைகோடு: ஓடுபாதையிலிருந்து இத்தனை தூரத்தில் இத்தனை எதிர்காற்று. அதில் எங்கெல்லாம் ஏற்றமும் இறக்கமும் இருக்கிறதோ அவற்றைக் கணினி சரிவுகளாகப் பிரிக்கிறது, நானூறு மீட்டர் நீளமுள்ளவையிலிருந்து நான்கு கிலோமீட்டர் வரை. பதினைந்து நாட் மாற்றம் நான்கு கிலோமீட்டரில் நடந்தால் விமானிக்கு ஏறக்குறைய ஒரு நிமிட அவகாசம். நானூறு மீட்டரில் நடந்தால் ஐந்தாறு நொடி. ஆகவே மாற்றத்தின் அளவை நீளத்தின் கனமூலத்தால் வகுத்து, எது கொடியது என்று வரிசைப்படுத்துகிறார்கள். வர்க்கமூலம் இல்லை, கனமூலம். நீளத்துக்கு மரியாதை உண்டு, ஆனால் கொஞ்சம்தான். பழைய விமான ஆய்வுகளிலிருந்து எடுத்த சூத்திரம் அது. 2005 கடைசியில் இந்த எச்சரிக்கை முறை தானாக இயங்கத் தொடங்கியது. ரேடாரும் தரையிலுள்ள காற்றுமானிகளும் சொல்வதோடு இதையும் சேர்த்து, கட்டுப்பாட்டாளரின் திரையில் ஒரே வரி வரும். அவர் அதை அப்படியே வாசிப்பார்: “விண்ட்ஷியர், மைனஸ் 20 நாட்ஸ், 2 மைல் ஃபைனல்.” ஓடுபாதைக்கு இரண்டு மைல் முன்னால் உன் எதிர்காற்றில் இருபது நாட் காணாமல் போகப்போகிறது என்று அர்த்தம்.

மேற்கொண்டு இறங்குவதா, மேலேறிச் சுற்றிவந்து மறுபடி முயல்வதா என்பது விமானியின் முடிவு. இங்கே ஒரு பழைய வம்பு இருக்கிறது. ‘புலி வருது’ கதை. எச்சரிக்கை கேட்டு, கூடுதல் வேகம் வைத்து, எல்லோரும் தயாராக இறங்கிய விமானம் ஆடாமல் அசையாமல் தரைதொடும். ‘எங்கே ஐயா உங்கள் விண்ட்ஷியர்?’ இரண்டு நிமிடம் முன்னால் போன விமானம் அதே இடத்தில் உதறியிருக்கும். சுழி மிதந்து போய்விட்டது. எச்சரிக்கைக் கோட்டைத் தாழ்த்தினால் புலி அடிக்கடி வரும், உயர்த்தினால் ஒருநாள் சொல்லாமல் வரும். ஆய்வகத்துக்காரர்கள் வருடக்கணக்காக மல்லுக்கட்டுவது லேசரோடு அல்ல, இந்தக் கோட்டோடு.

அவர்களுக்கு நீதிபதி யார் என்றால் விமானிதான். இறங்கியவர்கள் எழுதித் தரும் அறிக்கையோடு தங்கள் எச்சரிக்கையை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அதிலும் தகராறு. பரபரப்பான நேரத்தில் எந்த மைலில் ஆடியது என்பது மாறிச் சொல்லப்படும். கனமான விமானத்துக்கும் சிறிய விமானத்துக்கும் ஒரே காற்று ஒரேமாதிரி இருக்காது. ஆகவே விமானத்தின் பதிவுக்கருவியில் உள்ள தரவையும் நிறுவனங்களிடம் வாங்கிப் பார்க்கிறார்கள். மலை போதாதென்று கட்டடங்களும் காற்றைக் கலைக்கின்றன. ஓடுபாதைக்கு அருகே நிற்கும் பெரிய விமானக் கொட்டகைகளின் பின்னால் எழும் கலக்கத்தைப் பார்க்கக் குறைந்த தூரத்தை நுணுக்கமாகப் பார்க்கும் லைடார்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். விமான நிலையம் தனக்குத் தானே கொஞ்சம் மலை கட்டிக்கொள்கிறது.

ஹாங்காங்கைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். டோக்கியோவின் ஹனேடாவிலும் நரிட்டாவிலும் லைடார் உண்டு. அங்கே இறங்கும் வழியின் காற்றை விமானி அறைக்கே நேராக அனுப்பும் ஏற்பாட்டை ஜப்பான் 2017-ல் தொடங்கியது. பாலைவனத்து லாஸ் வேகாஸிலும் வைத்திருக்கிறார்கள். மழை தரையைத் தொடுமுன் ஆவியாகிப் போகும் ஊர், ரேடாருக்கு அங்கே அரைக்கண்தான். முன்னால் போகும் விமானமே பின்னால் விட்டுச்செல்லும் சுழிகளை லைடார் பிடிப்பது தனிக்கதை, அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

லைடார் ரேடாரை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. கொட்டும் மழையில், அடர்ந்த பனியில், தாழ்ந்த மேகத்தில் லேசர் சில நூறு மீட்டரிலேயே முட்டிக்கொண்டு நின்றுவிடும். அப்போது டாய் லாம் சுங்கின் ரேடார் பார்த்துக்கொள்ளும். மழை விட்டு வெயில் வந்ததும் பொறுப்பு கைமாறும். இடையில் ஒரு விசித்திரமான நேரம் இருக்கிறது. பெருமழை ஒன்று பெய்து ஓய்ந்த மறுநாள் காலை. வானத்துத் தூசியெல்லாம் கழுவி இறங்கியிருக்கும். லாண்டாவின் மடிப்புகள் ஒவ்வொன்றும் எண்ணும்படி தெரியும். துறைமுகத்தைப் படம்பிடிக்கக் கூட்டம் கூடும். ரேடாருக்குத் துளி இல்லை. லைடாரின் திரையில், வழக்கமாகப் பத்துக் கிலோமீட்டர் வரை நிறம் நிரம்பியிருக்கும் இடத்தில், ஓரங்கள் வெள்ளையாகச் சுருங்கத் தொடங்கும்.

(தொடரும்)